ஷாக்கா மன்னரின் விமான நிலையமும் நம் ஆட்கள் வெட்டிய கரும்பும்

கான்சாபுரத்திலிருந்து வத்திராயிருப்புக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ போகும் அரசுப் பேருந்தில் எந்தத் தலைவர் பெயரும் இருக்காது. 'அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று மட்டும்தான் இருக்கும். இருபது வயதுத் தோழர்களுக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியாது. ஆனால் 1997 வரை தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழகங்கள் பாண்டியன், சேரன், கட்டபொம்மன் என்ற பெயர்களில்தான் ஓடின. அந்த ஆண்டு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியாகப் போரிட்டு மாண்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அன்றைய அரசு வைத்தது. அவர் தேவேந்திரர் என்பதால் ஆதிக்க சாதியினர் அந்தப் பேருந்தில் ஏற மறுத்தார்கள். பேருந்துகள் தாக்கப்பட்டன. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களையும், எல்லா மாவட்டங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்களையும் ஒரே உத்தரவில் எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயரைச் சுமப்பதைவிட எல்லாப் பெயர்களையும் துறப்பது எளிது என்று இந்தச் சமூகம் முடிவு செய்தது.

இப்போது மதுரை விமான நிலையத்துக்கு யார் பெயர் என்ற சண்டை நடக்கிறது. ஒரு பக்கம் முத்துராமலிங்கத் தேவர் பெயரைக் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்ட தியாகி இம்மானுவேல் சேகரனாரின் பெயரைக் கேட்கிறோம். இந்த நேரத்தில் கடல் கடந்த ஒரு விமான நிலையத்தின் வரலாற்றைப் படிப்பது நமக்கு உதவும். அது தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் கடற்கரையில், டர்பன் நகருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில், லா மெர்சி என்ற இடத்தில் இருக்கிறது. பெயர், கிங் ஷாக்கா பன்னாட்டு விமான நிலையம். அந்த ஓடுதளத்துக்குக் கீழே கிடப்பது கரும்புக்காடு. அந்தக் கடற்கரைக் கரும்புக்காடுகளை உருவாக்கியவர்களில் பெரும் பங்கு நம் ஆட்கள்.

நிலம் இருந்தவர் மறுத்தார், இல்லாதவர் கப்பல் ஏறினார்

ஷாக்கா பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிதறிக் கிடந்த குலங்களை இணைத்து ஜூலு அரசை எழுப்பியவர். 1828இல் தன் மாற்றாந்தாய்ச் சகோதரர்களாலேயே கொல்லப்பட்டார். அவர் கொல்லப்பட்ட குவாடுகுசா, இன்றைய விமான நிலையத்துக்கு வடக்கே அதே கடற்கரையில்தான் இருக்கிறது. அவருக்குப் பின் போயர்கள் வந்தார்கள். 1843இல் பிரிட்டன் நேட்டாலைத் தன் காலனியாக்கிக்கொண்டது. கடற்கரையோரம் கரும்பு நன்றாக வரும் என்று வெள்ளைத் தோட்டக்காரர்கள் கண்டுகொண்டார்கள். நிலம் பிடித்தாயிற்று, ஆலை வைத்தாயிற்று. வேலைக்கு ஆள் வேண்டும்.

ஆள் அங்கேயே இருந்தார்கள். ஆனால் ஜூலு மக்கள் வெள்ளைக்காரனின் கரும்புத் தோட்டத்தில் வருடம் முழுக்க மாடாய் உழைக்க வரவில்லை. 'ஆப்பிரிக்கர்கள் சோம்பேறிகள்' என்று தோட்டக்காரர்கள் எழுதி வைத்தார்கள். அந்த வசை நமக்குப் பழகியதுதான். உண்மைக் காரணம் வேறு. அவர்களிடம் அப்போது இன்னும் நிலம் இருந்தது, மாடு இருந்தது, சோளம் இருந்தது. சொந்த நிலத்தில் விளைவதைத் தின்று வாழ முடிந்தவர் எதற்காக இன்னொருவன் தோட்டத்தில் சவுக்கடி வாங்க வேண்டும்?

அப்படியானால் யார் வருவார்கள்? நிலமே இல்லாதவர்கள் எங்கே கிடைப்பார்கள்? பிரிட்டிஷ் பேரரசுக்கு அதற்கான பதில் தெரியும். சென்னை மாகாணம்.

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். பத்து நாளில் கல்கத்தாவிலிருந்து 'பெல்விடேர்' வந்து சேர்ந்தது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறக்கப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள், அதாவது தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

இதை 'பஞ்சம் பிழைக்கப் போனார்கள்' என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது நம் பாடப் புத்தகங்களின் வழக்கம். பஞ்சம் எல்லோருக்கும்தான் வந்தது. ஆனால் பஞ்சத்தில் யார் வீட்டில் குதிர் இருந்தது, யார் வீட்டில் இல்லை? செங்கல்பட்டிலும் வடாற்காட்டிலும் உழுதவர் யார், நிலத்துக்குச் சொந்தக்காரர் யார்? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் பறையர் மக்களின் நிலை பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். பண்ணையடிமைத்தனத்தையும், குடியிருக்கும் குடிசை மண்கூடத் தங்களுக்குச் சொந்தமில்லாத நிலையையும் அது பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அதாவது சேரியின் வாசலிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. பஞ்சம் அதில் ஆட்களை வேகமாகத் தள்ளியது, அவ்வளவுதான்.

கப்பல் பட்டியலில் ஒரு கட்டம்

கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், ஊர், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதினார்கள். அதில் சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. அந்தப் பட்டியல்கள் இன்றும் டர்பனில் பாதுகாக்கப்படுகின்றன. சுரேந்திர பானா என்ற வரலாற்றாசிரியர் அவற்றை வைத்துத் தனி ஆய்வே செய்திருக்கிறார். தென்னகப் பட்டியல்களில் வன்னியர், கவுண்டர், ரெட்டி என்று பல சாதிகள் வருகின்றன. அவற்றோடு 'பறையர்' என்ற சொல்லும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

இனி டர்பனின் இன்றைய தொலைபேசிப் புத்தகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். நாயுடு, கோவெண்டர், பிள்ளை, மூட்லி, படையாச்சி, ரெட்டி, செட்டி, நாயக்கர் என்று நிறைந்திருக்கும். கப்பல் பட்டியலில் அத்தனை முறை வந்த அந்தச் சொல்லை அதில் தேடினால் கிடைக்காது. அந்த மக்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. பெயரை மாற்றிக்கொண்டார்கள். கடலைத் தாண்டியதும் பலர் தங்களைப் புதிதாக எழுதிக்கொண்டார்கள். ஒரே லயத்தில் படுத்து, ஒரே அரிசியைப் பொங்கித் தின்று, ஒரே கங்காணியிடம் அடிபட்டபோது தீட்டுப் பார்க்க இடமில்லாமல் போயிற்று. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற அளவில் ஆள் ஏற்றியதால் சாதி பார்த்துப் பெண் தேடவும் வழியில்லை. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்காத இடத்தில் சாதி தன் உடம்பை இழந்தது. அது இயற்கையானது, தெய்வம் வகுத்தது, அழிக்க முடியாதது என்று இங்கே சொல்பவர்களுக்கு நேட்டால் ஒரு பதில். இடத்தையும் வேலையையும் திருமணத்தையும் கலைத்தால் சாதி கலையும்.

ஆனால் இதில் ஒரு வலியும் இருக்கிறது. விடுதலை பெற்றவர்கள்கூட 'பிள்ளை', 'முதலி' என்ற பட்டங்களின் வழியாகத்தான் மனிதராக முடிந்தது. சொந்தப் பெயரோடு நிமிர்ந்து நிற்கும் விடுதலையைத் தேடியவர்களும் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்தம் நேட்டால் தமிழர்களிடமும் போய்ச் சேர்ந்தது. 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்திய இரட்டைமலை சீனிவாசன் அந்த ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். பின்னாளில் வட்டமேசை மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கரின் பக்கத்தில் உட்கார்ந்தது அவர்தான்.

பத்து ஷில்லிங்

ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்களுக்குப் பாதி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். முதலாளியின் சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் சிறை. 1871இல் முதல் தொகுதியினர் ஊர் திரும்பியபோது சென்னையில் அவர்கள் சொன்ன கொடுமைகளைக் கேட்ட பிறகுதான் 1872இல் விசாரணைக் குழுவே அமைந்தது. உழைப்புக்கான ஊதியம் என்ற பொருளில் நாம் சொல்லும் 'கூலி' என்ற சொல், தென்னாப்பிரிக்காவில் ஒரு இனத்தையே இழிவுபடுத்தும் வசையாக மாறியது இந்தத் தோட்டங்களில்தான்.

ஐந்து ஆண்டு முடிந்ததும் சிலர் துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்தார்கள். காய்கறி போட்டார்கள், கூடையில் சுமந்து வீடு வீடாக விற்றார்கள், மீன் பிடித்தார்கள், ரயில் பாதையில் வேலை செய்தார்கள். கூலியாக வந்தவன் குடியானவனாவதை வெள்ளையர்களால் பொறுக்க முடியவில்லை. 1895இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்குபவர் ஆண்டுக்கு 3 பவுண்ட் வரி கட்ட வேண்டும். கட்ட முடியாதவர் மீண்டும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும். மாதம் 10 ஷில்லிங் வாங்குபவருக்கு 3 பவுண்ட் என்பது ஆறு மாதச் சம்பளம்.

அதே காலத்தில் ஆப்பிரிக்கர்கள் மீதும் வரி விழுந்தது. ஏற்கெனவே குடிசை வரி இருந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு வயதுவந்த ஆணுக்கும் ஒரு பவுண்ட் தலைவரி. அதை எதிர்த்து 1906இல் பம்பாதா தலைமையில் ஜூலு மக்கள் கிளர்ந்தபோது ஆயிரக்கணக்கானோரை காலனி அரசு சுட்டுக் கொன்றது.

தோழர்களே, இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று தமிழனைத் தோட்டத்தை விட்டு வெளியேற விடாமல் தடுக்க. இன்னொன்று ஜூலுவைத் தோட்டத்துக்குள் வரவைக்க. கயிறு ஒன்றுதான். கட்டப்பட்ட இருவரும் ஒருவரை ஒருவர் தோழனாகப் பார்க்கவில்லை. அதுதான் இந்த வரலாற்றின் பெரிய துயரம்.

1913இல் 3 பவுண்ட் வரிக்கு எதிராக நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. பள்ளிப் புத்தகம் இதைக் காந்தியின் போராட்டம் என்று சொல்லும். அவர் அழைத்தார் என்பது உண்மை. ஆனால் கடற்கரைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவிய நாட்களில் அவர் சிறையில் இருந்தார். அங்கே அரிவாளைக் கீழே போட்டவர்கள் பெயர் தெரியாத கூலிகள். இன்றைய விமான நிலையத்துக்குத் தெற்கே உள்ள மவுண்ட் எட்ஜ்கூம்ப் தோட்டத்தில் அந்த நவம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் செத்தார்கள். 1914இல் வரி நீக்கப்பட்டது. தில்லையாடி வள்ளியம்மைக்கு இங்கே மண்டபம் இருக்கிறது, நல்லது. மவுண்ட் எட்ஜ்கூம்பில் குண்டடிபட்டவர்களுக்கு என்ன இருக்கிறது?

லூயிஸ் போத்தாவிலிருந்து ஷாக்காவுக்கு

டர்பனின் பழைய விமான நிலையம் நகருக்குத் தெற்கே 1951இல் திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் லூயிஸ் போத்தா. யார் இவர்? தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் முதல் பிரதமர். 1913ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் நிலச் சட்டம் இவருடைய ஆட்சியில் வந்ததுதான். நாட்டின் பெரும்பான்மை மக்களான ஆப்பிரிக்கர்களுக்கு வெறும் 7 சதவீத நிலத்தை ஒதுக்கி, மற்ற இடங்களில் அவர்கள் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது என்று சொன்ன சட்டம் அது. 1936இல் இதை 13 சதவீதம் அளவுக்கு உயர்த்தினார்கள். ஒரு காலத்தில் நிலம் இருந்ததால் கூலி வேலையை மறுத்த மக்களிடமிருந்து அந்த நிலத்தையே பிடுங்கிய சட்டம். தோட்டத் தொழிலாளர்கள் சுடப்பட்டபோது பிரதமராக இருந்தவரும் இவரே. ஜூலு நாட்டில் இறங்கும் ஒவ்வொரு விமானமும் நாற்பது ஆண்டுக்கு மேல் இந்தப் பெயரில்தான் இறங்கியது. நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, 1990களில் அது 'டர்பன் பன்னாட்டு விமான நிலையம்' என்று பொதுப்பெயருக்கு மாறியது.

புதிய விமான நிலையம் வேண்டும் என்ற எண்ணம் நிறவெறி அரசுக்கே 1970களில் வந்துவிட்டது. லா மெர்சியில் நிலம் எடுத்து மண் வேலையும் தொடங்கினார்கள். பணநெருக்கடியால் 1982இல் நிறுத்தினார்கள். பழைய நிலையத்தின் ஓடுதளம் சுமார் 2.4 கிலோமீட்டர்தான். முழுச் சுமையோடு பெரிய விமானம் அங்கிருந்து நெடுந்தூரம் பறக்க முடியாது. 2010 உலகக் கோப்பை கால்பந்துப் போட்டி தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்ததும் லா மெர்சித் திட்டம் உயிர் பெற்றது. 2007இல் வேலை தொடங்கி, 3.7 கிலோமீட்டர் ஓடுதளத்தோடு, ஆண்டுக்கு 75 லட்சம் பயணிகளைக் கையாளும் அளவில் கட்டி முடித்தார்கள். ஒரே இரவில் பழைய இடத்தைக் காலி செய்து, 2010 மே 1 அன்று, தொழிலாளர் தினத்தில், புதிய நிலையத்தைத் திறந்தார்கள். பக்கத்தில் எழுந்த சரக்கு வணிக வளாகத்துக்கு டுபே பெயர். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் முதல் தலைவர் ஜான் டுபே, அருகிலுள்ள இனாண்டாவில் பள்ளி நடத்தியவர். 1994இல் நெல்சன் மண்டேலா தன் வாழ்வின் முதல் வாக்கை அந்தப் பள்ளியில்தான் போட்டார்.

அருகில் மவுண்ட் மோர்லேண்ட் என்ற இடத்தின் நாணல் சதுப்பில் ஒவ்வொரு ஆண்டும் சுமார் 30 லட்சம் தகைவிலான் குருவிகள் வந்து தங்கும். அவை விமானத்தில் மோதாமல் இருக்கவும், அவற்றின் வாழிடம் அழியாமல் இருக்கவும் ரேடார் வைத்துக் கண்காணிக்க ஏற்பாடு செய்தார்கள். ஏரிகளை நிரப்பி ஓடுதளம் போடலாம் என்று பரந்தூரில் கணக்குப் போடுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

யாருக்காகக் கட்டினார்கள் என்பதும் விரைவிலேயே தெரிந்தது. 2010 ஜூலை 7, டர்பனில் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் அரையிறுதி. பெரும்புள்ளிகளின் சொந்த விமானங்கள் நிறுத்துமிடத்தை அடைத்துக்கொண்டதால், சாதாரண ரசிகர்கள் வந்த விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டன. சீட்டு வாங்கியவர்கள் ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை. பெயர் மன்னருடையதோ மக்களுடையதோ, நிறுத்துமிடம் யாருக்கு என்பதை வேறு ஒரு கை முடிவு செய்கிறது.

விமான நிலையம் வந்ததும் சுற்றியிருந்த கரும்பு நிலத்தின் மதிப்பு ஏறியது. டோங்காட் ஹியூலெட் என்ற பழைய சர்க்கரைக் கம்பெனி தன் நிலங்களை வீட்டுமனைகளாக விற்றது. நில விற்பனையை முன்கூட்டியே வருமானமாகக் கணக்கில் காட்டியது உட்பட அதன் கணக்கு முறைகேடுகள் 2019இல் வெளிவந்தன. 2022இல் கம்பெனி நொடித்துப்போய் மீட்பு நடவடிக்கைக்குள் போனது. 150 ஆண்டு கரும்பு வெட்டியவர்களின் வாரிசுகளுக்கும், அதற்கு முன் அந்த மண்ணில் மாடு மேய்த்தவர்களின் வாரிசுகளுக்கும் அந்த மனைகளில் எத்தனை கிடைத்திருக்கும்? பழைய விமான நிலையத்தின் ஓரத்தில் குத்தகைக்குக் காய்கறி பயிரிட்டு வந்த இந்திய வம்சாவளி விவசாயிகளின் கதையும் அதுதான். விமான நிலையம் போனதும் அங்கே நிலத்தைத் தோண்டித் துறைமுகம் கட்டும் திட்டம் வந்தது. தெற்கு டர்பன் மக்கள் சேர்ந்து எதிர்த்தார்கள்.

ஈட்டி இல்லாத மன்னர்

திறப்பு விழாவை ஒட்டி நிலையத்தின் முன்னே ஷாக்காவின் சிலை வைத்தார்கள். ஆண்ட்ரீஸ் போத்தா என்ற சிற்பி செய்தது. மாடுகளுக்கு நடுவே, கையில் ஈட்டியும் கேடயமும் இல்லாமல் மன்னர் நின்றார். ஜூலு அரச குடும்பம் கொதித்தது. 'எங்கள் மன்னரை மாடு மேய்க்கும் சிறுவனாக்கிவிட்டீர்கள்' என்பது அவர்கள் குற்றச்சாட்டு. சில வாரங்களிலேயே ஷாக்காவின் உருவத்தை எடுத்துவிட்டார்கள். மாடுகள் மட்டும் நின்றன.

இதை நாம் எப்படிப் படிப்பது? ஒடுக்கப்பட்டவர் தன் வீரனை ஆயுதத்தோடு பார்க்க விரும்புவது நமக்குப் புரியும். சுந்தரலிங்கத்தை நாம் நினைப்பதும் அப்படித்தான். வெள்ளையன் எழுதிய வரலாற்றில் ஷாக்கா வெறும் கொடுங்கோலன். அதற்கு மறுப்பாக அவர் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் 'மாடு மேய்ப்பவன்' என்பது ஏன் இழிவாக வேண்டும் என்ற கேள்வியும் விடாது. உழைப்பவனின் உருவம் மன்னனுக்கு அவமானம் என்றால் உழைப்பவன் எங்கே நிற்பான்? பெயர்ப் பலகையில் மன்னர் வந்தார், மகிழ்ச்சி. அந்த நிலத்தில் மாடு மேய்த்தவரும் கரும்பு வெட்டியவரும் இன்னும் வரவில்லை.

மூன்றாவது வாசல்

இனி நமக்குக் கசப்பான பகுதி. காந்தி நேட்டாலில் இருந்த ஆரம்ப ஆண்டுகளில் டர்பன் அஞ்சலகத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று வெள்ளையருக்கு. இன்னொன்று ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும். இந்தியத் தலைவர்கள் வைத்த கோரிக்கை என்ன தெரியுமா? எல்லோருக்கும் ஒரே வாசல் அல்ல. ஆப்பிரிக்கர்களோடு சேர்க்காமல் தங்களுக்கு மூன்றாவது வாசல். அது கிடைக்கவும் செய்தது. இரட்டைக் குவளையை எதிர்க்காமல் மூன்றாவது குவளை கேட்பது போன்ற கதை இது.

அந்த மூன்றாவது வாசலின் நிழல் நீண்டது. 1947இல் மோண்டி நாயக்கர், யூசுப் தாது, சூமா ஆகிய மூன்று மருத்துவர்கள் இந்திய, ஆப்பிரிக்க இயக்கங்களை இணைக்க ஒப்பந்தம் செய்தார்கள். இரண்டே ஆண்டில், 1949 ஜனவரியில், டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே கலவரம் வெடித்து 142 பேர் இறந்தார்கள். குழுப்பகுதிச் சட்டம் இருவரையும் தனித்தனிக் குடியிருப்புகளில் அடைத்தது. ஆப்பிரிக்கருக்கு குவாமாஷு, இந்தியருக்கு சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்சும். பில்லி நாயரைப் போன்றவர்கள் மண்டேலாவோடு ராபன் தீவுச் சிறையில் இருபது ஆண்டு கிடந்தார்கள் என்பதும் அதே வரலாறுதான். ஆனால் 2021 ஜூலைக் கலவரத்தில் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள அந்த ஃபீனிக்சில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். ஊர்க்காவல் என்ற பெயரில் சாலையை மறித்து நின்றவர்களில் கூலிகளின் கொள்ளுப்பேரர்களும் இருந்தார்கள்.

கப்பல் பட்டியலில் கடைசிச் சாதியாக எழுதப்பட்டவரின் வாரிசு, இன்னொரு மனிதனை அவன் தோலைப் பார்த்துத் தன் தெருவுக்குள் வராமல் தடுக்கிறான். சாதியின் உடம்பு கலைந்தது, ஆனால் அதன் புத்தி தோல் நிறத்தில் குடியேறிவிட்டது. அண்ணல் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார். மேலே ஒருவன் மிதித்தாலும், கீழே மிதிக்க ஒருவன் இருக்கும்வரை நடுவில் இருப்பவன் அந்த ஏணியைக் காப்பாற்றுவான். ஃபீனிக்ஸ் அதற்குச் சாட்சி. நமக்குள்ளேயே பட்டியல் சாதிகளுக்கு இடையில் யார் மேல், யார் கீழ் என்று பேசுபவர்களும், அருந்ததியர் பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்பவர்களும் இந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

மதுரை விமான நிலையத்துக்கு இம்மானுவேல் சேகரனார் பெயரைக் கேட்போம். அந்தக் கோரிக்கையில் பின்வாங்க ஒன்றுமில்லை. பொது இடத்தின் பெயர் பொது மரியாதையின் அளவுகோல். லூயிஸ் போத்தாவின் பெயர் இறங்கி ஷாக்காவின் பெயர் ஏறியது ஒரு மக்களின் வெற்றி.

ஆனால் பெயரோடு கோரிக்கை முடிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு விமான நிலையத்திடமும் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். நிலம் யாருடையது? உழைப்பு யாருடையது? லாபம் யாருக்கு? மதுரை விமான நிலைய விரிவாக்கத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட சின்ன உடைப்பு மக்கள், மாற்று இடம் கொடுத்துவிட்டு வெளியேற்று என்று தெருவில் உட்கார்ந்தார்கள். பரந்தூர்த் திட்டத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து போராடுகிறார்கள். நிலத்துக்குப் பட்டா உள்ளவருக்கு இழப்பீடு உண்டு. அந்த நிலத்தில் நடவு நட்டுக் களை எடுத்த, பட்டா இல்லாத கூலிப் பெண்ணுக்கு என்ன கணக்கு? 1860இல் அந்தக் கணக்கில் வராதவர்கள்தான் கப்பல் ஏறினார்கள். இன்று அவர்கள் திருப்பூருக்கும் சென்னைப் புறநகருக்கும் பஸ் ஏறுகிறார்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. நம் வட்டாரத்தின் கண்டங்கி வியாபாரிகளும் பஞ்சாலை முதலாளிகளும் வரலாற்றில் இருக்கிறார்கள். இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் போன நம் சேரிப் பாட்டன், பாட்டிகள் இல்லை. வயதானவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், எழுதி வையுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் நம் ஊர்ப் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இப்போது யார் கையில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். நிலம் கையில் இருந்த ஜூலுவால் அன்று 'வரமாட்டேன்' என்று சொல்ல முடிந்தது. நம் மக்களும் ஒரு நாள் அப்படிச் சொல்ல வேண்டுமானால், நம் காலுக்குக் கீழே நம் பெயரில் மண் இருக்க வேண்டும்.

ஜெய் பீம்.